செயினுக்கு எண்ணூறு ரூபாய் எண்ணெய் தேவையா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் தோட்டத்துக்கு வந்திருந்தான். கோயமுத்தூரில் வேலை. கியர் வைத்த சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறான், லீவு நாளில் அதிலேயே ஊருக்கு வந்துவிடுவான். வந்ததும் வேப்பமரத்தடியில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பையிலிருந்து சின்னதாக ஒரு குப்பியை எடுத்து, செயினில் சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்தான். வைத்தியர் கண்ணுக்கு மருந்து விடுவது போல அவ்வளவு கவனம்.

"என்ன கண்ணு அது?"

"செயின் லூப்ரிகன்ட்டுங்க சித்தப்பா. நூறு மில்லி எண்ணூறு ரூவா."

மனசுக்குள் கணக்குப் போட்டேன். லிட்டர் எட்டாயிரம். நாம் மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை லிட்டர் நானூறு ஐநூறுக்குக் கொடுத்தால் "விலை சாஸ்திங்க" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். இங்கே பார்த்தால் இரும்புச் சங்கிலி அதைவிட ஒசத்தியான எண்ணெய் குடிக்கிறது.

"உங்க சைக்கிளுக்கும் ரெண்டு சொட்டு விடட்டுங்களா?" என்றான். வேண்டாம் கண்ணு, நமக்கு ஒர்க்‌ஷாப்பில் பைக்குக்கு மாற்றிய பழைய ஆயிலே போதும், ஓசியில் ஒரு கேன் வாங்கி வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவன் கேனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பன்னெண்டு வருஷமா ஒரு சொட்டு மருந்தடிக்காத காட்டுல, இந்தக் கருப்பு ஆயிலை ஊத்துறீங்களே சித்தப்பா" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் போன பிறகு நாலு நாள் யோசித்து, படித்து, சைக்கிள் கடைக்காரரிடம் உட்கார்ந்து பேசி, தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனுடைய எண்ணூறு ரூபாய் வீணா, என்னுடைய ஓசி ஆயில் லாபமா என்று பார்ப்போம். நம்மில் பலர் இன்னும் பால்கேனும் புல்லுக்கட்டும் கட்டிக்கொண்டு சைக்கிளில்தான் போகிறோம். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் பல்தாண்டினால் முழங்கால் போகும், பாலும் போகும். அதனால் இது சின்ன விஷயமில்லை.

செயின் எங்கே தேய்கிறது?

பெரும்பாலும் நாம் எண்ணெயை ஊற்றுகிற இடமே தப்பு. செயினின் மேலே பளபளவென்று இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். தேய்மானம் மேலே இல்லை, உள்ளே நடக்கிறது.

சைக்கிள் செயினை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வெளித்தகடு இரண்டு, உள்தகடு இரண்டு, இவற்றைக் கோத்துக்கொண்டு ஒரு பின். பின்னைச் சுற்றி ஒரு குழல், அதாவது புஷ். அந்தக் குழலின் மேல் சுழலும் ஓர் உருளை. இந்த அமைப்பைக் கொண்டுவந்தவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் செய்தவர், வருஷம் 1880. இன்றைக்கும் நம் ஊர் சைக்கிள் செயின் அதே அமைப்புதான். ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். சாதாரண சைக்கிளில் இப்படி நூற்றுக்குக் கொஞ்சம் மேலே கண்ணிகள் இருக்கும்.

பல்சக்கரத்தின் மேல் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு கண்ணியும் மடங்கி நிமிர்கிறது. அப்போது பின்னும் குழலும் ஒன்றோடொன்று உராய்கின்றன. எண்ணெய் போய்ச் சேர வேண்டியது அந்த இடுக்கில். "செயின் நீண்டுபோச்சு" என்று கடைக்காரர் சொல்கிறாரே, இரும்பு ரப்பர் மாதிரி இழுபட்டு நீள்வதில்லை. நூறு பின்னும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் இடைவெளி விழுகிறது. ஒவ்வொன்றிலும் 0.127 மில்லிமீட்டர் தேய்ந்தால், நூறு கண்ணிக்கு 12.7 மில்லிமீட்டர். முழுசாக அரை அங்குலம் நீண்டுவிட்டது! சக்கரத்தைப் பின்னால் தள்ளி முறுக்கி வைக்கிறோம், ஆனால் தேய்ந்த கண்ணி பல்லோடு பொருந்தாது. பல்லையும் சேர்த்துக் கரம்பிவிடும்.

இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஸ்கேல் போதும். செயினை விறைப்பாக வைத்து, ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் இருபத்து நாலாவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் பாதி ஆயுசு தாண்டிவிட்டது. கியர் சைக்கிள் என்றால் அப்போதே மாற்றிவிட வேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளி நின்றால் நம் ஊர் சைக்கிளுக்கும் மாற்றும் நேரம் வந்துவிட்டது, பல்சக்கரத்தையும் பார்த்துவிடுங்கள். பல்லின் நுனி சுறாமீன் துடுப்பு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அதுவும் போய்விட்டது.

சரி, எதனால் தேய்கிறது? இரும்பும் இரும்பும் உரசித் தேய்வது கொஞ்சம்தான். பெரிய எதிரி மண். நம் செம்மண்ணிலும் மணலிலும் உள்ள படிகக்கல் துகள் செயினின் இரும்பைவிடக் கெட்டியானது. அது எண்ணெயோடு சேர்ந்தால் என்ன ஆகும்? சாணைக்கல்லில் அரிவாள் தீட்டும்போது தண்ணீர் விடுவோமே, அந்தக் கதைதான். செயினில் படிந்திருக்கும் கருப்பு மையை விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். நறநற என்று வந்தால் செயினை நாமே தீட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

விலைக்குத் தகுந்த வேகம் உண்டா?

விலை உயர்ந்த குப்பிகளின் மேல் எழுதியிருப்பது பெரும்பாலும் இதுதான்: உராய்வு குறையும், மிதிப்பது லேசாகும், வேகம் கூடும். இதை ஆய்வகத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் என்ற பொறியியல் பேராசிரியரும் அவருடைய குழுவும் 1999-இல் வெளியிட்ட முடிவு சுவாரசியமானது. சைக்கிள் செயின், மிதிக்கும் சக்தியில் 98.6 சதவீதம் வரை பின்சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நூறு பங்கு மிதித்தால் வீணாவது ஒன்றரைப் பங்கு கூட இல்லை. மாட்டுவண்டியிலிருந்து மோட்டார் வரைக்கும் நம்மைச் சுற்றியுள்ள எந்த யந்திரத்திலும் இவ்வளவு சிக்கனத்தைப் பார்ப்பது அபூர்வம்.

அதைவிட ஆச்சரியம், எண்ணெயை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தும் அந்தச் சோதனையில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் வரவில்லை. சுத்தமான ஆய்வக நிலையில் எடுத்த அளவு அது என்பதை மறக்கக் கூடாது. செயினில் எண்ணெயின் வேலை இடுக்குகளை நிரப்பி அழுக்கு உள்ளே போகாமல் தடுப்பதுதான் போலிருக்கிறது என்று ஸ்பைசரே விளக்கினார். உராய்வைக் கூட்டியது வேறு இரண்டு விஷயங்கள்: பல்சக்கரம் சின்னதாக இருப்பதும், செயின் தொய்வாக ஓடுவதும்.

பிற்பாடு இன்னும் நுட்பமான கருவி வைத்து அளந்தவர்கள், எண்ணெய்க்கு எண்ணெய் சில வாட் வித்தியாசம் உண்டு என்று காட்டினார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் அளந்தது 250 வாட் சக்தியில் மிதிக்கும் பந்தயக்காரருக்கு. நாம் பால் ஊற்றப் போகும்போது மிதிப்பது அதில் பாதி கூட இருக்காது. பின் டயரில் காற்று குறைவாக இருந்தால் வீணாகும் சக்தி இதைவிடப் பல மடங்கு. எண்ணூறு ரூபாய் எண்ணெய் விட்டுவிட்டு அரைக்காற்றில் சைக்கிள் மிதிப்பவரை நான் பார்த்திருக்கிறேன். யார் என்று சொல்ல மாட்டேன், என் அண்ணனுக்கு வருத்தமாகிவிடும்.

ஆகவே வேகத்துக்காக என்றால் நமக்கு அந்தக் குப்பி தேவையில்லை. மிச்சம் இருக்கும் கேள்வி, செயினின் ஆயுசு கூடுமா, அதற்குக் கொடுக்கும் காசு கட்டுமா என்பது.

காசுக் கணக்கு

ஒழுங்காக, ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு வீதம் விட்டால், செயின் முழுவதற்கும் அஞ்சு மில்லிக்குள் முடிந்துவிடும். நூறு மில்லி குப்பி இருபது தடவைக்கு வரும். எண்ணூறு ரூபாய்க் குப்பி என்றால் தடவைக்கு நாற்பது ரூபாய். பதினைந்து நாளுக்கு ஒருமுறை விடுகிறோம் என்று வையுங்கள், வருஷத்துக்கு இருபத்தாறு தடவை. ஆயிரத்து நாற்பது ரூபாய்.

எங்கள் ஊர்க் கடையில் சாதாரண சைக்கிள் செயின் முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. மூணு செயின் விலைக்கு மேலே எண்ணெய்! அந்த எண்ணெய் செயினின் ஆயுசை இரண்டு மடங்காக்கினாலும், நாலு மடங்காக்கினாலும், கணக்கு நேராகாது. முந்நூறு ரூபாய் ஆட்டுக்குட்டிக்கு மூவாயிரத்துக்குக் கொட்டகை போட்ட கதை.

ஆனால் அண்ணன் மகனுடைய கணக்கு வேறு. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவன் சைக்கிளில் பின்னால் பதினொரு பல்சக்கரம் அடுக்கியிருக்கிறது. அதற்கான செயின் ஒல்லியானது, இரண்டாயிரம் மூவாயிரம் ஆகும். பல்சக்கர அடுக்கு அதைவிட விலை. செயின் தேய்ந்து அடுக்கையும் கெடுத்தால் ஏழெட்டாயிரம் போகும். அங்கே நல்ல எண்ணெய் ஆயுசைக் கொஞ்சம் நீட்டினாலும் காசு திரும்பி வந்துவிடுகிறது. அவனுடைய எண்ணூறு வீண் என்று சொல்ல முடியாது. நானூறு ரூபாய் எண்ணெயும் அதே வேலையைச் செய்திருக்கும் என்பது என் சந்தேகம், அவ்வளவுதான்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம். அடிப்படை எண்ணெய் ஒன்று. பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுத்தது, இல்லாவிட்டால் ஆலையில் செயற்கையாகச் செய்தது. உள்ளே ஊடுருவிப் போவதற்காகச் சீக்கிரம் ஆவியாகும் கரைப்பான் ஒன்று. துருப்பிடிக்காமல், தேயாமல் இருக்கச் சில சேர்மானங்கள். சிலவற்றில் பி.டி.எஃப்.இ. என்ற வழுவழுப்புத் தூள், ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்லான். இதை மட்டும் நாம் கவனிக்க வேண்டும். மண்ணில் விழுந்தால் மக்காது. இதைத் தயாரிக்கும்போது நெடுங்காலம் பயன்படுத்தி வந்த பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேதிப்பொருளை 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்த்தார்கள். அதே உடன்படிக்கையின் பட்டியலில்தான் நம் எண்டோசல்பானும் இருக்கிறது. விலை கூடிய குப்பி என்பதால் மண்ணுக்கு நல்லது என்று எண்ணிவிட வேண்டாம், லேபிளைப் படியுங்கள்.

ஓசி ஆயிலின் விலை

இப்போது என் கேனுக்கு வருகிறேன். பைக், டிராக்டர் என்ஜினில் ஓடி முடித்த ஆயில் ஏன் கருப்பாக இருக்கிறது? புகைக்கரி, தேய்ந்த உலோகத் துகள், சூட்டில் சிதைந்த எண்ணெய், என்ஜினுக்காகச் சேர்த்த துத்தநாகம் போன்றவை எல்லாம் கலந்திருக்கின்றன. சூட்டில் வெந்து வெந்து, புற்றுநோய் உண்டாக்கக் கூடிய கரிமச் சேர்மங்கள் புது ஆயிலில் இருப்பதைவிட இதில் கூடிவிடுகின்றன. நம் நாட்டுச் சட்டமே இதை அபாயகரமான கழிவு என்றுதான் வகைப்படுத்துகிறது. ஒரு காருக்கு ஒருமுறை மாற்றும் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது.

சரி, செயினுக்காவது நல்லதா? அதுவும் இல்லை. தேய்மானத்தைக் குறைக்க எண்ணெய் விடுகிறோம், அந்த எண்ணெயிலேயே உலோகத்தூளும் கரியும் இருக்கிறது. அதோடு, ஓசி என்பதால் சொட்டு விடுவதில்லை, குவளையில் மொண்டு ஊற்றுகிறோம். செயின் குடித்தது போக மீதி சொட்டுகிறது. சைக்கிளை எங்கே நிறுத்துகிறோம்? கிணற்றுமேட்டில், மாட்டுத்தொட்டி ஓரத்தில், தக்காளிப் பாத்தி வரப்பில். நான் நிறுத்தும் இடத்தில் ஒரு முழத்துக்கு அருகம்புல் கூட முளைக்காமல் கிடக்கிறது. பன்னிரண்டு வருஷமாக அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

அந்தக் கேனை ஒர்க்‌ஷாப்பிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அங்கே பீப்பாயில் சேர்த்து, பழைய ஆயில் எடுப்பவர்களிடம் போடுகிறார்கள். உங்களிடம் இருந்தாலும் அப்படியே செய்யுங்கள். வேலிக்காலில் கரையானுக்கு ஊற்றுவது, கொட்டகை மரத்துக்கு அடிப்பது என்றெல்லாம் இதற்கு வேலை கண்டுபிடிக்க வேண்டாம்.

கொட்டமுத்து எண்ணெய் ஆகுமா?

எங்கள் அப்பாரு காலத்தில் மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து வண்டிமை போடுவார்கள். மசகு என்று சொன்னாலே அதுதான். காஸ்ட்ரால் என்ற கம்பெனிப் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. முதல் உலகப்போரில் பறந்த பல ஆகாய விமானங்களின் என்ஜின் ஓடியது விளக்கெண்ணெயில்தான். ஆக, கொட்டமுத்து எண்ணெயின் மசகுத்தன்மைக்கு யாரும் சான்றிதழ் கொடுக்க வேண்டியதில்லை.

தாவர எண்ணெயில் எல்லாமும் செயினுக்கு ஆகாது. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகி வார்னிஷ் ஆகிவிடும். சூரியகாந்தி பாதி அப்படி, பிசின் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்துபோகும். விளக்கெண்ணெய் இறுகாத வகை. கெட்டியானது, மழைத்தண்ணீரில் சீக்கிரம் கழுவிப் போகாது, மண்ணில் விழுந்தால் மக்கிவிடும்.

குறையும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. தையல் மிஷின் எண்ணெயைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி என்பதால் பின்னின் இடுக்குக்குள் லேசில் இறங்காது. குப்பியை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, சூடாக இருக்கும்போதே விட வேண்டும். பசை என்பதால் மேலே தங்கினால் புழுதியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். அதனால் விட்டபின் துடைக்காமல் விடவே கூடாது. இரண்டு மாதம் சைக்கிளை எடுக்காமல் சாத்தி வைத்தால் இதுவும் கொஞ்சம் பிசுபிசுத்துவிடும். தினமும் ஓடும் சைக்கிளுக்கு ஏற்றது, மூலையில் நிற்கும் சைக்கிளுக்கு அல்ல.

ஒரு எச்சரிக்கை. பின்சக்கரத்து பிரீவீலுக்குள் விளக்கெண்ணெய் விடாதீர்கள். உள்ளே இருக்கும் சின்னக் கொக்கிகள் பிசுக்கில் மாட்டிக்கொண்டால், ஏற்றத்தில் மிதிக்கும்போது பிடிக்காமல் சறுக்கும். அங்கே தையல் மிஷின் எண்ணெய் போன்ற இளக்கமான எண்ணெய் நாலு சொட்டு போதும். ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் எந்த எண்ணெயும் படக் கூடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

விளக்கெண்ணெய் வேண்டாம் என்பவர்களுக்கு கியர் ஆயில் இருக்கிறது, 90 நம்பர். லிட்டர் நானூறு ரூபாய் என்றாலும் தடவைக்கு இரண்டு ரூபாய்தான், வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ரூபாய். பெட்ரோலிய எண்ணெய்தான், ஆனால் புதுசு, கழிவு அல்ல. சொட்டாக விட்டுத் துடைத்தால் மண்ணில் விழுவது மிகக் குறைவு. மழைக்காலத்துக்கு நல்ல எண்ணெய். தையல் மிஷின் எண்ணெயைச் செயினுக்கு விடுகிறவர்களும் உண்டு. நன்றாக உள்ளே இறங்கும், ஆனால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரே டப்பாக்கள் ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும் நல்லவை. அடித்ததும் சத்தம் நின்றுவிடும் என்பதால் எண்ணெய் போட்டாயிற்று என்று ஏமாந்துபோகிறோம். அது தங்காது.

மெழுகு

பந்தயக்காரர்கள் இப்போது அதிகம் பேசுவது மெழுகைப் பற்றி. கடையில் செயின் மெழுகு என்று பெரிய விலைக்கு விற்கிறார்கள். அடிப்படையில் அது பாரஃபின், நம் மெழுகுவத்திதான். செயினை உருக்கிய மெழுகில் முக்கி எடுத்தால், உள்ளே இறங்கி உறைந்துகொள்ளும். மேலே பசை இல்லை, ஆகவே புழுதி ஒட்டாது. வேட்டியும் கறையாகாது. சித்திரை வைகாசியில் புழுதிக் காட்டுப்பாதையில் போகிறவர்களுக்கு எண்ணெயைவிட இது மேல் என்பது என் கருத்து.

செய்முறை பெரிய வித்தையில்லை, ஆனால் பொறுமை வேண்டும். செயினில் பழைய எண்ணெய் சுத்தமாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் மெழுகு பிடிக்காது. மண்ணெண்ணெயில் இரண்டு முறை, பிறகு சோப்புத்தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் நன்றாகக் காய வைக்கவும். ஈரம் இருந்தால் அரை நாளில் துரு பூத்துவிடும். பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க விட்டு, அதற்குள் ஒரு தகர டப்பாவை வைத்து மெழுகை உருக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும், விளையாட்டில்லை. செயினை அதில் போட்டு அவ்வப்போது அசைத்துக் கொடுத்தால் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும். குமிழ் நின்றபின், பத்துப் பதினைந்து நிமிஷத்தில், கம்பியால் தூக்கி, வடியவிட்டு, சூட்டோடு துடைத்துத் தொங்கவிடுங்கள். ஆறியபின் விறைத்திருக்கும், ஒவ்வொரு கண்ணியாக மடக்கி இளக்கிவிட்டு மாட்டலாம்.

தேன்பெட்டி வைத்திருப்பவர்கள் தேன்மெழுகு ஆகுமா என்று கேட்பீர்கள். ஆகும், ஆனால் அது பாரஃபினைவிடப் பசையானது. புழுதியைத் தவிர்க்கத்தானே மெழுகுக்குப் போகிறோம்? தேன்மெழுகை நல்ல விலைக்கு விற்றுவிட்டு மெழுகுவத்தி வாங்குவது புத்திசாலித்தனம்.

சுமார் முந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை முக்க வேண்டியிருக்கும். தினம் பத்து கிலோமீட்டர் போகிறவருக்கு மாதம் ஒருமுறை. மழை வந்தால் கணக்குத் தப்பும். மெழுகு துருவை அவ்வளவாகத் தடுக்காது, ஐப்பசி கார்த்திகையில் எண்ணெய்க்கே திரும்பிவிடுங்கள்.

கழற்றிப் போட்ட கவர்

இவ்வளவும் சொன்ன பிறகு எங்கள் சைக்கிள் கடைக்காரர் சொன்னதைச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவர். எந்த எண்ணெய் நல்லதுங்க என்று கேட்டேன். என் சைக்கிளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "செயின் கவர் எங்கீங்க?" என்றார்.

சத்தம் போடுகிறது என்று அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால் கழற்றிப் போட்டது. நம் பழைய கருப்பு சைக்கிள்களில் செயினை முழுசாக மூடி ஒரு தகரப் பெட்டி வருமே, அது வேட்டி சிக்காமல் இருக்க மட்டும் வைத்ததில்லை. மண்ணும் மழையும் உள்ளே போகாது, எண்ணெய் வெளியே தெறிக்காது. மூடிய செயின் திறந்த செயினைவிடப் பல மடங்கு காலம் உழைக்கிறது. கவரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒசத்தி எண்ணெய் தேடுவது கூரையைப் பிரித்துவிட்டுக் குடை வாங்குவது மாதிரி. பழைய இரும்புக்கடையில் கவர் கிடைக்கிறது. சத்தம் வந்தால் நசுங்கிய இடத்தை உள்ளேயிருந்து தட்டி நிமிர்த்தினால் போதும். முன்னும் பின்னும் மட்கார்டு, அதில் தொங்கும் ரப்பர் துண்டு, இதெல்லாம் கூட செயினுக்கு எண்ணெய் விட்ட மாதிரிதான்.

நமக்கே உரிய ஒரு பிரச்சினையும் அவர் சொன்னார். கோமியம், அமுதக்கரைசல், பஞ்சகவ்யக் கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகிறோம். மூடி வழியாகக் கசிந்து செயினில் ஒழுகுகிறது. கோமியத்தில் உப்பு இருக்கிறது, இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும். எந்த எண்ணெயும் இதைத் தாங்காது. அப்படி ஒழுகிய அன்றே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டுவிடுங்கள். கேனைச் செயினுக்கு எதிர்ப்பக்கம், அதாவது இடப்பக்கமாகக் கட்டுவது இன்னும் சுலபம்.

எப்படி விடுவது

பழைய வேட்டித்துணி ஒன்றை எடுத்து, செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னால் சுற்றுங்கள். கறுப்பு வரும்வரை துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். வெறும் துடைப்பே பாதி வேலை. கருப்பு ரொம்பக் கட்டியிருந்தால் மட்டும் செயினைக் கழற்றி, வாயகன்ற குப்பியில் மண்ணெண்ணெயோடு போட்டுக் குலுக்குங்கள். அந்த மண்ணெண்ணெயைக் கொட்ட வேண்டாம். இரண்டு நாள் அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு ஊற்றி வைத்துக்கொள்ளலாம். அடிக்கசடும் கருப்புத் துணியும் ஒர்க்‌ஷாப் பீப்பாய்க்குப் போகட்டும், எருக்குழிக்கு வேண்டாம்.

பிறகு கீழ்ப்பக்கச் செயினின் மேலே, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. மருந்துக்கடையில் வாங்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் இதற்கு அருமையான கருவி. எந்தக் கண்ணியில் ஆரம்பித்தோம் என்று தெரிய சுண்ணாம்பால் ஒரு பொட்டு வையுங்கள். ராத்திரியில் விட்டால் காலைக்குள் உள்ளே இறங்கிவிடும். காலையில் கிளம்புமுன் வெளியே இருப்பதையெல்லாம் துடைத்துவிடுங்கள். துடைத்தால் வீணாகிறதே என்று நினைக்காதீர்கள், வெளியே நிற்கும் எண்ணெய் மண்ணுக்கு அழைப்பு வைப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவாது.

செயினைத் திரும்ப மாட்டும்போது பூட்டுக்கண்ணியின் கிளிப்பை வைக்கும் திசை முக்கியம். மேல்பக்கத்தில் செயின் ஓடும் திசையை, அதாவது முன்னால், அதன் மூடிய பக்கம் பார்க்க வேண்டும், பிளந்த வாய் பின்னால். மாற்றி வைத்தால் எதிலாவது இடித்துக் கழன்றுகொள்ளும். விரலால் செயினின் நடுவே அமுக்கினால் மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆட வேண்டும். ஆடாமல் விறைத்திருந்தால் பேரிங் போகும்.

என் சைக்கிளுக்கு இப்போது பழைய இரும்புக்கடைக் கவர் மாட்டியாகிவிட்டது, நூற்றைம்பது ரூபாய். செயினுக்கு நம் கொட்டமுத்து எண்ணெய், வெந்நீரில் வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை. போன வாரம் அண்ணன் மகன் போன் பண்ணினான். குப்பியில் பி.டி.எஃப்.இ. இருக்கிறதா என்று லேபிளைப் பார்த்தானாம், எழுத்து அவ்வளவு பொடியாக இருந்ததால் போட்டோ எடுத்துப் பெரிசாக்கிப் படித்தானாம். இருக்கிறதாம். "அடுத்த தடவை வரும்போது மெழுகு காய்ச்சலாமுங்களா சித்தப்பா?" என்று கேட்டான். ஒரு தகர டப்பாவும் நாலு மெழுகுவத்தியும் எடுத்து வைத்திருக்கிறேன்.